மார்க் போடுபவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர்

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெக்கானிக்கல் எஞ்சினியர், வயது 34, பம்ப்செட் தொழிற்சாலையில் 11 வருட அனுபவம். மனைவி பி.எஸ்சி. நர்சிங் முடித்து மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறை வழியாகக் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கலாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். "படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுத்தானே ஆள் எடுக்கிறார்கள்? அப்படி எடுக்கப்பட்டவர்கள் ஏன் வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறார்கள்? போனவர்களுக்குத் திறமை போதவில்லையா, இல்லை அந்த மார்க்கே பொய்யா?" இதுதான் அவர் கேள்வி.

தம்பி, போனவர்களுக்குத் திறமை இருக்கிறது. மார்க்கும் பொய் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், மார்க் போடுவது ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் தொழில் அமைப்பு. வேலை கொடுப்பது ஏதோ ஒரு கம்பெனியின் மேனேஜர். இந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் கலந்து பேசுவதில்லை. முதலாமவர் உங்களுக்கு 100-க்கு 80 போட்டார் என்பது மூன்றாமவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் டொரொண்டோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பல வருடமாகச் சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களின் ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுக்கிறேன். அங்கே பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

இந்த மார்க் எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான் அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது பிடிபடும். 1960-கள் வரை கனடா நாட்டையும் நிறத்தையும் பார்த்துத்தான் ஆள் சேர்த்தது. 1914-இல் கோமகாட்டா மாரு கப்பலில் வான்கூவர் வரை போன 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். 1951-இல் ஒரு ஒதுக்கீடு போட்டார்கள்: வருடத்துக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர். அவ்வளவுதான். 1962-இல் இன அடிப்படையிலான விதிகளில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. 1967 அக்டோபரில் புள்ளி முறை வந்தது. உலகத்திலேயே முதலில் இதைக் கொண்டுவந்த நாடு கனடாதான். ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் பின்னால் எடுத்துக்கொண்டன.

அந்த முதல் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 100, 50 எடுத்தால் போதும். படிப்புக்கும் பயிற்சிக்கும் 20. உங்கள் தொழிலுக்கு நாட்டில் இருக்கும் தேவைக்கு 15. நேரில் பார்க்கும் அதிகாரியின் மதிப்பீட்டுக்கு 15. வயது, தொழில்திறன், மொழி, கையில் இருக்கும் வேலை ஆகியவற்றுக்குப் பத்துப் பத்து. உறவினர் இருந்தால் 5, போகும் ஊரில் வேலை வாய்ப்பு இருந்தால் 5. ஓர் அதிகாரி மனம்போன போக்கில் "இவன் வேண்டாம்" என்று சொல்ல முடியாதபடி கையைக் கட்டிப்போட்ட விதி இது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது இதனால்தான். அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் கட்டப்பட்டது அரசு அதிகாரியின் கை மட்டும். கம்பெனி மேனேஜரின் கையை யாரும் கட்டவில்லை. துறைமுகத்தில் நின்ற வாசற்காவல் மெல்ல நகர்ந்து ஹெச்.ஆர். மேசைக்குப் போய்விட்டது.

அதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 1980-இல், புதிதாக வந்து சம்பாதிக்கத் தொடங்கிய ஆண் ஒருவர், இங்கேயே பிறந்த ஆண் ஒரு டாலர் சம்பாதித்தால் 85 காசு சம்பாதித்தார். 2005-இல் அது 63 காசு. பெண்களுக்கு 85-இலிருந்து 56-க்கு விழுந்தது. இத்தனைக்கும் அந்த 25 வருடங்களில் வந்தவர்களின் படிப்பு ஏறிக்கொண்டே போனது. வந்தவர்கள் அதிகம் படித்தவர்கள். கிடைத்தது குறைந்த கூலி. இதற்கு ஒரே காரணம் சொன்னால் அது சரியாக இருக்காது. முன்பு பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தார்கள், பிறகு ஆசியாவிலிருந்து வந்தார்கள். மொழியும் கல்லூரிப் பெயர்களும் இங்குள்ளவர்களுக்குப் பழக்கமில்லாதவை ஆயின. 2001-இல் ஐ.டி. துறை சரிந்தபோது, அந்தத் துறையை நம்பி வந்திருந்த எஞ்சினியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டில் செய்த வேலை அனுபவத்துக்கு இங்கே சந்தையில் இருந்த மதிப்பு கரைந்துகொண்டே வந்து, கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்ற நிலைக்குப் போனது. பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கும் நேற்று கல்லூரி முடித்து வந்தவருக்கும் முதல் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த நேரத்தில் அரசு என்ன செய்தது? 2002-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தொழிலுக்குத் தேவை என்று பட்டியல் பார்ப்பதை விட்டுவிட்டு, நன்கு படித்தவர், மொழி தெரிந்தவர் எந்தச் சூழலிலும் பிழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் மார்க்கை மாற்றி அமைத்தார்கள். தேர்ச்சி முதலில் 75, அடுத்த வருடமே 67. எடுத்தவர் எல்லோரையும் பரிசீலித்தே ஆகவேண்டும் என்பது விதி. வரிசை நீண்டது, 2008-க்குள் காத்திருந்தவர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டினார்கள். விண்ணப்பித்து ஐந்தாறு வருடம் கழித்து விசா வரும்போது, விண்ணப்பத்தில் இருந்த இளைஞர் நடுவயதுக்காரர் ஆகியிருப்பார். அவர் துறையின் நிலவரமும் மாறியிருக்கும். 2012-இல் அரசு ஒரே சட்டத்தில், 2008 பிப்ரவரி 27-க்கு முன் போட்டு இன்னும் முடிவாகாத விண்ணப்பங்களை ரத்து செய்தது. குடும்பத்தினரையும் சேர்த்து சுமார் 2,80,000 பேர். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வயதை யார் திருப்பிக் கொடுப்பது? வீடு கட்டாமல், வேலை மாறாமல், "விசா வந்துவிடும்" என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குச் செய்த இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு வந்த மாற்றங்கள் பட்டறிவில் வந்தவை. 2013-இலிருந்து வெளிநாட்டுப் பட்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு வாங்கி வரவேண்டும் என்றார்கள். ஆஸ்திரேலியா இதை 1999-லேயே செய்துவிட்டது: அங்கே உங்கள் தொழில் அமைப்பு "இவர் எஞ்சினியர்தான்" என்று சொன்ன பிறகுதான் விண்ணப்பமே போட முடியும். கனடா செய்ததோ பாதி. இங்கே கேட்கும் மதிப்பீடு, உங்கள் பி.இ. இந்த நாட்டின் இளங்கலைப் பட்டத்துக்கு நிகர் என்று மட்டும் சொல்லும். எஞ்சினியராக வேலை செய்யலாம் என்று சொல்லாது. நூலக மேசைக்கு வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அந்தத் தாளை லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள்.

2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது. தேர்ச்சி மார்க் எடுத்தவர் எல்லோரும் ஒரு குளத்தில் இருப்பார்கள். அரசு அவ்வப்போது மேலே இருப்பவர்களை மட்டும் அழைக்கும். மொத்தம் 1200 புள்ளி. அதில் 600, ஒரு மாகாணம் 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று உங்களைப் பரிந்துரைத்தால் கிடைப்பது. இந்தக் கணக்குக்குள் உங்கள் கேள்விக்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 110 புள்ளி, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். கனடாவில் செய்த வேலைக்கு நேரடியாக 80 புள்ளி வரை உண்டு. இந்தியாவில் செய்த வேலைக்கு நேரடியாக ஒரு புள்ளிகூட இல்லை! நல்ல மொழி மார்க்கோடோ கனடா அனுபவத்தோடோ சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. அதுவும் மூன்று வருடத்தோடு நின்றுவிடும். உங்கள் 11 வருடமும் இன்னொருவரின் 3 வருடமும் அங்கே ஒன்றுதான். சந்தை வெளிநாட்டு அனுபவத்தை மதிக்கவில்லை என்று புள்ளிவிவரம் காட்டியது. அரசு சந்தையைத் திருத்தாமல் மார்க்கைத் திருத்திக்கொண்டது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? வெளிநாட்டுப் பட்டம் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், பள்ளிப் படிப்பு போதுமான வேலையில் இருக்கிறார்கள். இங்கே படித்தவர்களைவிட இது இரண்டு மடங்கு. டாக்டர் டாக்ஸி ஓட்டுகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். 2006 கணக்கெடுப்பை வைத்து அதையும் எண்ணிப் பார்த்தார்கள்: நாட்டில் சுமார் 50,000 டாக்ஸி ஓட்டுநர்கள், பாதிப் பேர் குடியேறிகள். அதில் மருத்துவப் பட்டமோ முனைவர் பட்டமோ உள்ளவர்கள் 255 பேர். அவர்களில் 200 பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். டாக்ஸி ஓட்டும் டாக்டர் உண்மையில் உண்டு, ஆனால் அவர் அபூர்வம். பரவலாக இருப்பவர் பி.இ., பி.காம். படித்துவிட்டுப் பார்சல் பிரிக்கும், பாதுகாவலராக நிற்கும் மனிதர். அவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இரண்டாவது வாசலுக்கு வருகிறேன்: லைசென்ஸ். மருத்துவம், நர்சிங், ஆசிரியர், வழக்கறிஞர், எலெக்ட்ரீஷியன் போன்ற தொழில்களை மாகாண அமைப்புகள் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவருக்கு எழுத்துத் தேர்வு ஒரு பொருட்டில்லை, பலரும் தேறிவிடுகிறார்கள். பிறகு மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற பயிற்சி மருத்துவர் இடம் வேண்டும், வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் இடங்களோ மிகக் குறைவு. அங்கே வருடக்கணக்கில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். நர்சிங்கில் நிலைமை இதைவிட மேல், ஆனால் நேரம் பிடிக்கும். நாகர்கோவில் பக்கத்துச் சகோதரி ஒருவர், ஊரில் ஐ.சி.யூ.வில் எட்டு வருடம் இருந்தவர், இங்கே முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். குளிப்பாட்டலாம், உடை மாற்றலாம், சாப்பாடு ஊட்டலாம். மாத்திரை கொடுக்கக் கூடாது. ஒரு நாள் ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து இது நுரையீரலில் நீர் கோத்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பொறுப்பு நர்ஸை அழைத்துச் சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றார். "கை பரபரக்குது அண்ணா, ஆனா தொடக்கூடாது" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது. லைசென்ஸ் கிடைக்க இரண்டரை வருடம் ஆனது. இப்போது இங்கேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். நோயாளிகளின் பாதுகாப்புக்காகத் தேர்வு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. தேர்வுக்கும் லைசென்ஸுக்கும் இடையே மனிதரைக் காயப்போடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

எஞ்சினியரிங்கில் இன்னொரு விதமான முடிச்சு இருந்தது. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பி.எங். என்ற எஞ்சினியர் லைசென்ஸ் வாங்க நான்கு வருட அனுபவம் கேட்டார்கள். அதில் ஒரு வருடமாவது கனடாவில், ஏற்கனவே லைசென்ஸ் உள்ள எஞ்சினியரின் கீழ் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலை எப்படிக் கிடைக்கும், அந்த வேலை இல்லாமல் லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அதே நிலைமை. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே "கனேடிய அனுபவம் வேண்டும் என்று கேட்பது பார்த்த மாத்திரத்தில் பாகுபாடு" என்று கொள்கை வெளியிட்டது. 2021-இல் மாகாணம் பல தொழில் அமைப்புகளுக்கு அதைச் சட்டமாகவே தடுத்தது. 2023 மே மாதம் எஞ்சினியர்கள் அமைப்பு அந்த ஒரு வருட நிபந்தனையை எடுத்துவிட்டது. 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் வேலை விளம்பரங்களிலும் கனேடிய அனுபவம் என்ற நிபந்தனையைப் போடக் கூடாது. இவை சாதாரண வெற்றிகள் அல்ல. வந்தவர்களும் அவர்களுக்காக நின்றவர்களும் இருபது வருடம் போராடி வாங்கியவை.

ஆனால் விளம்பரத்தில் போடக் கூடாது என்றால் மனதில் நினைக்கக் கூடாது என்று ஆகாதே. இதுதான் மூன்றாவது வாசல். டொரொண்டோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் ஒரியோபுலஸ் ஒரு சோதனை செய்தார். 2011-இல் முழுதாக வெளியானது. கிட்டத்தட்ட 13,000 ரெஸ்யூமேக்களைத் தானே தயாரித்து, டொரொண்டோ பகுதியின் உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார். படிப்பும் அனுபவமும் ஒன்றாக இருக்கும். பெயரும் நாடும் மட்டும் மாறும். முழுக்க முழுக்கக் கனடாவில் படித்து, கனடாவில் வேலை பார்த்ததாகக் காட்டிய ரெஸ்யூமேக்களிலேயே, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் இருந்தவற்றைவிட ஆங்கிலப் பெயர் இருந்தவற்றுக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகமாக நேர்காணல் அழைப்பு வந்தது. அதற்கு மேல் அனுபவத்தையும் வெளிநாடு என்று போட்டால் அழைப்பு இன்னும் வெகுவாகக் குறைந்தது. ஏன் என்று கேட்டால், ஆளெடுப்பவர்கள் "மொழி சரியாக இருக்குமோ என்று சந்தேகம்" என்றார்கள். சரி என்று மொழித்திறமையை ரெஸ்யூமேயில் எழுதிப் பார்த்தார்; பெரிய பன்னாட்டு நிறுவன அனுபவத்தை எழுதிப் பார்த்தார்; சிறந்த கல்லூரியைப் போட்டுப் பார்த்தார். எதுவும் அந்த இடைவெளியைக் குறைக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் முடிவாகிவிடுகிறது, மீதியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். பின்னால் அதே தரவை வைத்துப் பார்த்தபோது, பெரிய நிறுவனங்களில் இந்தப் பாகுபாடு குறைவாகவும் சின்ன நிறுவனங்களில் அதிகமாகவும் இருந்தது தெரிந்தது. பெரிய இடத்தில் ஆளெடுக்க முறையும் ஆட்களும் உண்டு. சின்ன இடத்தில் முதலாளி காபி குடித்துக்கொண்டே தாளைப் புரட்டுகிறார்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் பெயரை மாற்றிவிடட்டுமா அண்ணா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மாற்றச் சொல்வதில்லை. நம் கையில் இருக்கும் ஒன்று இருக்கிறது; அதைச் சொல்கிறேன்.

திருவெறும்பூர் பக்கம் பாய்லர் உதிரிப்பாகம் செய்யும் யூனிட்டில் வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பார்த்த ஒருவர் நூலகத்துக்கு வந்தார். இரவு ஷிஃப்டில் வேர்ஹவுஸ் வேலை. இரும்பு முனை வைத்த ஷூவோடே, தூங்காத கண்ணோடே வந்திருந்தார். ரெஸ்யூமே ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்று இடம், நாள், கையெழுத்து. இடையில் எந்த வேலையிலும் என்ன செய்தார் என்பதைவிட என்ன பதவி வகித்தார் என்பதுதான் அதிகம். எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தேன். நான்காம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: ஆஸ்மே (அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கம்) விதித்தொகுப்பின் செக்ஷன் ஒன்றின்படி பாய்லர் பிரஷர் பாகங்களுக்கு ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை) செய்து சான்று தயாரித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது கனடாவிலும் பாய்லருக்குப் பயன்படும் அதே விதித்தொகுப்பு! "இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்றேன். "அது தினமும் செய்வதுதானே சார், அதில் என்ன இருக்கிறது" என்றார். அந்த வரியைத் தூக்கி முதல் பக்கத்தின் தலையில் வைத்தோம். எத்தனை டன், எத்தனை ஜாயின்ட், எத்தனை சதவீதம் திருப்பி வெல்டிங் ஆனது என்று கணக்கோடு எழுதினோம். இரண்டு பக்கத்தில் முடித்தோம். அதுவரை அறுபதுக்கும் மேல் அனுப்பி ஒரு போன்கூட வராதவருக்கு அடுத்த ஒன்றரை மாதத்தில் மூன்று நேர்காணல். கிடைத்த வேலை ஊரில் இருந்ததைவிட ஒரு படி கீழேதான். ஆனால் அதே தொழில். இரண்டு வருடத்தில் பழைய படிக்கு வந்துவிட்டார். வேர்ஹவுஸில் இருந்து நேராக அந்தப் படிக்கு ஏறியிருக்கவே முடியாது.

இதை நான் ஒரு காரணத்தோடு சொல்கிறேன். வந்ததும் வாடகை கட்டப் பிடிக்கும் வேலைக்கு இங்கே சர்வைவல் ஜாப் என்று பெயர். அதில் கேவலம் எதுவும் இல்லை, நானும் செய்திருக்கிறேன். அதில் ஆறு மாதம் இருப்பது வேறு, மூன்று வருடம் இருப்பது வேறு. பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்குப் படிக்கத் தெம்பு இருக்காது. ரெஸ்யூமேயில் கடைசியாக இருக்கும் வேலை வேர்ஹவுஸ் என்றால், அடுத்து பார்ப்பவருக்கு நீங்கள் வேர்ஹவுஸ் ஆள். தொழில் கை நழுவுவது ஒரே நாளில் நடப்பதில்லை; ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக அரசு வேறொரு வழிக்கு மெல்ல மாறியிருக்கிறது: முதலில் மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளியாகவோ வா, இங்கே வேலை செய்து காட்டு, பிறகு பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) தருகிறேன் என்பது. இங்கே சம்பாதித்துக் காட்டியவர்கள் பி.ஆர். வாங்கிய பிறகும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதால், கணக்குப்படி இது நல்ல வழி. ஆனால் சோதித்துப் பார்க்கும் செலவு முழுக்க வருகிறவர் தலையில் விழுகிறது. ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டி வந்த பிள்ளைகள், 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வந்தபோதும், அதே வருடம் அக்டோபரில் பி.ஆர். எண்ணிக்கையை 4,85,000-இலிருந்து 2025-க்கு 3,95,000 ஆகக் குறைப்பதாக அறிவித்தபோதும், செய்வதறியாமல் நின்றார்கள். கையில் ஏற்கனவே வேலை உத்தரவு இருந்தால் கிடைத்துவந்த கூடுதல் புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். போலி உத்தரவு விற்றவர்களால் வந்த வினை அது. ஏஜென்ட் யாராவது உங்களிடம் வேலை உத்தரவு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் தத்தளித்தார்கள். உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 1983-க்குப் பிறகு இப்படி அகதிகளாக வந்தவர்கள் யாரும் புள்ளி எடுத்து வரவில்லை. பலருக்குப் பட்டமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் இரண்டு ஷிஃப்ட் நின்று வேலை செய்தார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் கணக்காளர்களாகவும் இருக்கிறார்கள். குடியேறிகளின் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளைவிட அதிகமாகப் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். மார்க் தாளில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை. திறமையை வைத்துத்தான் ஆள் எடுக்கவேண்டும் என்று வாதாடுபவர்களிடம் நான் எப்போதும் இதை எடுத்துச் சொல்வேன்.

சரி, உங்கள் இருவர் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை: யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதை மறுபடியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் கணவர் பெயரில்தான் போடுகிறார்கள், யோசிப்பதே இல்லை. 2023-இலிருந்து சுகாதாரத் துறைக்கென்று தனி அழைப்பு நடக்கிறது. பொதுவான அழைப்பைவிட அதில் தேவைப்படும் புள்ளி பெரும்பாலும் குறைவு. உங்கள் மனைவி உங்களைவிடச் சின்னவர் என்றால் வயதுப் புள்ளியும் கூடும். நர்சிங் பதிவு மாகாணத்துக்கு மாகாணம் வேறு. நோவா ஸ்கோஷியா 2023-இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு வழியைச் சுருக்கிக் கொடுத்தது. டொரொண்டோ மட்டும்தான் கனடா என்று நினைக்க வேண்டாம். என்கிளெக்ஸ் என்ற நர்சிங் லைசென்ஸ் தேர்வுக்கு அவர் இப்போதே படிக்கத் தொடங்கலாம்; இந்தியாவிலேயே தேர்வு மையங்கள் உண்டு. அவர் கையில் பதிவோடு இறங்கினால், நீங்கள் வேர்ஹவுஸுக்கு ஓட வேண்டியிருக்காது. உங்கள் துறையிலேயே தேட உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டலில் 8-ம் மற்ற மூன்றிலும் 7-ம் வாங்குங்கள். அந்த ஒரு கோட்டைத் தாண்டினால் மொழிப் புள்ளியும், உங்கள் அனுபவத்தோடு சேர்ந்து வரும் புள்ளியும் ஒன்றாக ஏறும். அரை மார்க்கில் கோட்டை விட்டு ஒரு வருடம் இழந்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, உங்கள் தொழில். எஞ்சினியர் லைசென்ஸ் இல்லாமலேயே டிசைன், தரக்கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் என்று வேலை பார்க்கலாம். எனவே லைசென்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆனால் விண்ணப்பத்தை அங்கிருந்தே போட்டு வையுங்கள். ரெஸ்யூமேயில் ஐ.எஸ். 8034 என்று எழுதினால் இங்கே ஒருவருக்கும் புரியாது. நீர்மூழ்கி பம்புக்கான இந்தியத் தர விதி அது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். இங்கே பேசப்படுவது பெட்ரோலியத் துறை பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 610, ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் என்ற பம்ப் தயாரிப்பாளர் அமைப்பின் தரவிதிகள். உங்கள் டெஸ்ட் பெட்டில் ஹெட், டிஸ்சார்ஜ், எஃபிஷியன்சி எடுத்தது எப்படி என்பதை அந்த விதிகளின் மொழியில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். இம்பெல்லர் காஸ்டிங்கில் ரிஜெக்ஷனை எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைத்தீர்கள் என்ற எண்ணைத் தேடிப் பிடியுங்கள். எண்ணெய் வயல்களுக்குப் பம்ப் வேண்டும். ஆல்பர்ட்டாவில் அந்தத் தொழில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு முதலில் அனுப்புங்கள். காரணம் மேலே சொன்னேன்.

பணம்: அரசு காட்டச் சொல்லும் தொகை விசாவுக்குப் போதும், வாழப் போதாது. இரண்டு பேரில் ஒருவருக்காவது தன் துறையில் வேலை கிடைக்கும் வரை, எட்டு மாதம் தாங்கும் தொகையை வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அது சேரவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுவது நல்லது. அந்த வருடத்தில் மனைவியின் பதிவு வேலை முடியும். 35 ஆனால் உங்களுக்குச் சில புள்ளி குறையும்தான். என் கணக்கில் அது தாங்கக்கூடிய நஷ்டம். 38-க்குத் தள்ளினால் தாங்காது.

கடைசியாக ஒன்று, இந்த வாரமே செய்யவேண்டியது. கம்பெனியிலிருந்து அனுபவச் சான்று வாங்கும்போது "நன்றாகப் பணிபுரிந்தார்" என்ற ஒரு பாராக் கடிதத்தோடு திரும்பி வராதீர்கள். பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், சம்பளம், செய்த வேலைகள் ஒவ்வொன்றாக, லெட்டர்ஹெட்டில், மேலதிகாரி கையெழுத்தோடு இருக்கவேண்டும். பழைய மேனேஜர் ஓய்வுபெற்றுப் போய்விட்டால் அதை வாங்க முடியாமல் திணறுவீர்கள். அவர் இருக்கும்போதே, வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.